ஒரு விரல் அகல இடைவெளி

ஆகஸ்ட் 29

வாய் ஓயாமல் புலம்புகிறேன் என்று என் வீட்டுக்காரி செலின் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். "இதுல எழுதுங்க. என் காதுக்கு ஓய்வு குடுங்க" என்றாள். சரி, எழுதுகிறேன்.

ரஸ்ஸல் இன்றைக்கும் கோப்பையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். புகையிலையை மென்று மென்று துப்பிய காகிதக் கோப்பை. நான் பசை கலக்கும் கிண்ணத்துக்கு ஒரு சாண் தள்ளி, கறுப்பாக, நுரையோடு. கடை முதலாளி என்பதால் எடுத்து வீசவும் முடியவில்லை. குமட்டிக்கொண்டு வருகிறது. மாதா பெயரை வைத்த என் அப்பாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார், லூர்து பர்னாந்து என்கிற என் பெயரை அவன் "லூ" என்று கத்தரித்துவிட்டான்.

தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்குப் பெயர் எழுதியவன் நான். கோயில் சுரூபங்களுக்கு உடைந்த மூக்கு, விரல் எல்லாம் ஒட்டி வர்ணம் பூசியவன். செலினுக்குக் கடல் தாண்டி இந்த ஆல்பகர்க்கியில் நர்ஸ் வேலை கிடைத்தது, நான் அவள் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏழு மாதமாக ரஸ்ஸலின் பழம்பொருள் கடையில் உடைந்த ஜாடி ஒட்டுகிறேன். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள், புவெப்லோ மக்கள், தண்ணீர் எடுக்கச் செய்த ஜாடிகள். சக்கரம் கிடையாது, கையாலேயே திரித்து எழுப்பியது. நம் பெண்கள் குடத்தை இடுப்பில் வைப்பார்கள், இவர்கள் தலையில் வைப்பார்கள். அதனால் அடியில் ஒரு குழி இருக்கும்.

இன்று வந்தது ஒரு ஜாடி. நூறு வயதாவது இருக்கும். எவனோ புண்ணியவான் அடியில் துளை போட்டு, வயர் விட்டு, மேஜை விளக்காக்கி வைத்திருக்கிறான். துளையைச் சுற்றிப் பல்லி எச்சம். அதைச் சுரண்டியதில் மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 31

ஒரு பெண் வந்தாள். லொரேட்டா. நாற்பது வயதிருக்கும். துணி துவைக்கப் போடும் கூடைக்குள், குழந்தைப் போர்வையில் சுற்றி ஒரு ஜாடி. அவள் ஊர் இங்கிருந்து ஒரு மணி நேரம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே படமெடுக்கவே விடமாட்டார்கள் என்று ரஸ்ஸல் சொல்கிறான், நான் எழுதி வைப்பதும் சரியில்லை.

ஜாடி அவள் அம்மா ஹுவனிட்டா செய்தது. கடைசியாகச் செய்தது. அம்மா மார்ச்சில் போய்விட்டாள். அம்மா வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு வண்டியில் கொண்டுவரும்போது மண் ரோட்டில் குலுங்கி, கழுத்து ஐந்து துண்டாகிவிட்டது.

அவள் பேசியது ஆங்கிலம், நான் என் பாஷையில் எழுதிக்கொள்கிறேன். "இருபத்தேழாம் தேதி எங்க ஊர்த் திருவிழா. அம்மா இல்லாத முதல் வருஷம். சாப்பாட்டு மேசையில அம்மா ஜாடி இருக்கணும். ஒட்டிக் குடுத்தாப் போதும், மிஸ்டர் பர்னாந்து. வேற ஒண்ணும் வேண்டாம். வர்ணம் தொட வேண்டாம்."

என் பெயரை முழுசாகச் சொன்ன முதல் ஆள் இந்த ஊரில் இவள்தான். அவர்கள் ஊரிலும் பர்னாந்தோக்கள் இருக்கிறார்களாம்.

'போதும்' என்கிற வார்த்தை எனக்கு எப்போதுமே பிடிக்காது. அரைகுறை வேலையைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

செப்டம்பர் 3

ஐந்து துண்டும் சேர்ந்துவிட்டன. நல்ல வேலை, நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த அம்மாவின் கையும் லேசுப்பட்டதல்ல. ஜாடியின் சுவர் அப்பளம் போல மெல்லிசு. வெள்ளைப் பூச்சின் மேல் செம்மண் நிறத்தில் ஒரு பறவை, கண் மட்டும் கறுப்பு. கழுத்துக்குக் கீழே சுற்றிலும் ஒரே ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோட்டில்தான் ஒரு குறை. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடே இல்லை. உடையும்போது பெயர்ந்திருக்கும். அல்லது அந்த வயசில் கை நடுங்கியிருக்கும்.

ரஸ்ஸல் கோழிக்கறி தின்ற விரலை நக்கிக்கொண்டே ஜாடியைத் தூக்கிப் பார்த்தான். வயிற்றில் அவன் பெருவிரல் எண்ணெய்த் தடம். பஞ்சால் துடைத்து எடுப்பதற்குள் அரை மணி நேரம்.

செப்டம்பர் 5

கோட்டைச் சேர்த்துவிட்டேன். எது அவள் வரைந்தது, எது நான் வரைந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். செலின் பாயசம் வைத்தாள். இங்கே கிடைக்கும் சேமியாவில் பாயசம் வைத்தால் கஞ்சி போட்ட வேட்டியைப் பிழிந்த மாதிரி இருக்கிறது. குடித்தேன். குளியல் தொட்டியில் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் போகவில்லை, அதையும் நான்தான் கையை விட்டு எடுத்தேன். சீ.

ஜாடி விஷயம் செலினிடம் சொன்னேன். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குக் கோலம் போடும்போது, கோடு கூடாமல் நின்றால் அக்கா மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவாள். அந்தக் கைதானே எனக்கும். அறுந்த கோட்டைப் பார்த்தால் சும்மா இருக்காது.

"வர்ணம் தொடவேண்டாம்னுதானே அந்தப் பிள்ள சொல்லிச்சு?" என்றாள் செலின்.

"ஒரு விரல் அளவு. அதுகூட வர்ணமா?"

அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

செப்டம்பர் 9

லொரேட்டா வந்து ஜாடியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒட்டிய இடத்தைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு ஜாடியை மெதுவாகத் திருப்பினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. விரலைக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டே சுற்றினாள். முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"இந்தக் கோடு... இப்படியேதான் இருந்ததா?"

ரஸ்ஸல் பக்கத்தில் நின்று கோப்பையில் துப்பினான். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்ன வேலையை நான் செய்தேன் என்று அவன் முன்னால் ஏன் சொல்ல வேண்டும்? "ஆமாம். நான் ஒட்ட மட்டும்தான் செய்தேன்" என்றேன்.

"அம்மா வீட்டில் இது உயர அலமாரியில் இருந்தது. நான் கவனிக்கவே இல்லை" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. குழந்தைப் போர்வையை மறந்து இங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

வேலைக்கு ஒரு பாராட்டுகூட இல்லை. இவர்களுக்கு வேலையின் அருமை தெரியவில்லை.

செப்டம்பர் 12

லொரேட்டா போனில் கூப்பிட்டாள். போர்வைக்காக என்று நினைத்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க அம்மா எந்த ஜாடியிலயும் அந்தக் கோட்டை மூடினதில்ல. ஒரு விரல் இடம் விட்டுடுவா. அது அவ நடக்கற வழி. மூடிட்டா வழி முடிஞ்சதுன்னு அர்த்தம். எல்லா ஊர்லயும் இதே மாதிரி சொல்லுவாங்களான்னு தெரியாது, எங்க வீட்ல அப்படித்தான்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரத்துல மூணு நாள். பிப்ரவரியில நான் வேலைக்காக ஃபீனிக்ஸ் போயிருந்தேன். ரோட்டுல பனி, இன்னைக்கு டயாலிசிஸுக்குப் போகலேன்னு அம்மா போன்ல சொன்னா. அப்புறமும் ரெண்டு தடவை அதேதான் சொன்னா. நான் நம்பினேன். மார்ச்சு முதல் வாரம் போயிட்டா. இப்பப் பார்த்தா, அவ ஜாடியிலயே எழுதி வெச்சிருக்கா. போறதா முடிவு பண்ணிட்டா. எனக்குச் சொல்லல."

பிறகு கேட்டாள்: "நீங்க பழைய வேலை தெரிஞ்சவர். அந்தக் கோடு அம்மா கைதானா? முழுசும்?"

"ஆமாம்" என்றேன்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மூன்று நாளைக்கு முன் சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால் என்ன மரியாதை இருக்கும்?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. இந்த ஊர் மீனில் மண் வாடை.

செப்டம்பர் 13

கடையில் இருக்கும் ஜாடிகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பதினொன்றில் கோடு இருக்கிறது. ஏழில் இடைவெளி இருக்கிறது. ஏழு மாதமாக என் கையால் தொட்டுத் துடைத்தவை. இவ்வளவு நாள் கண்ணில் படவே இல்லை. விரிசலையும் பொக்கையையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எட்டாவது ஒன்றில் எவனோ முன்னால் ஒட்டியவன் கார் பெயிண்டால் இடைவெளியை மூடியிருக்கிறான். தார் ஊற்றிய மாதிரி பளபளக்கிறது. அசிங்கம் பிடித்தவன். ஒரு பெண் வேண்டுமென்றே விட்டுவைத்த இடத்தில் கை வைக்க இவன் யார் என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். ரஸ்ஸல் திரும்பிப் பார்த்தான்.

என் கோடு அவ்வளவு மோசமில்லை. என்னுடையது தெரியாது.

அதுதான் பிரச்சினையே.

செப்டம்பர் 16

மறுபடியும் அவள் போன். அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது.

திருவிழாவுக்கு வீட்டைத் திறக்கப் போவதில்லையாம். அவர்கள் வழக்கப்படி அன்று வாசலைத் திறந்து வைத்து, வருகிறவர் யாரானாலும் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். "என் அம்மாவே என்கிட்ட மறைச்சுட்டுப் போயிருக்கா. நான் யாருக்குச் சோறு போட? தம்பி திட்டறான். திட்டட்டும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறுதல் சொன்னேன். "உங்கள் அம்மா உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் சொல்லாமல் இருந்திருப்பார்" என்றேன். இழவு வீட்டுக்குப் போய் நல்ல வார்த்தை சொல்கிற பெரிய மனுஷன் மாதிரி. அவள் "தேங்க்ஸ், மிஸ்டர் பர்னாந்து" என்றாள்.

போனை வைத்துவிட்டு இரண்டு தடவை பல் தேய்த்தேன்.

செப்டம்பர் 18

செலினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிடைத்தது இதுதான்:

"எங்க வார்டுல பனி பெஞ்சா எத்தன பேரு டயாலிசிஸுக்கு வரமாட்டாங்க தெரியுமா? ரோடு வழுக்கும், வண்டி ஸ்டார்ட் ஆவாது. அடுத்த தடவ பாத்துக்கலாம்பாங்க. சாவணும்னா வீட்டுல கெடக்காங்க? அந்த அம்மா பாவம், வாழத்தான் பாத்திருக்கா. நீங்க ஒரு பிரஷ்ஷ வச்சு அவளத் தற்கொல பண்ண வச்சிட்டீங்க."

"நான் தெரிஞ்சா செய்தேன்?"

"கோடு தெரியாமப் போட்டீங்க. ஆமான்னு சொன்னது? அதுவும் தெரியாமலா?"

"ரஸ்ஸல் வேலையை விட்டு அனுப்பிவிடுவான்."

"அந்தத் துப்பல் கோப்பையக் கழுவுத வேலைதான, போவட்டும். போயி சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

செப்டம்பர் 20

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். மெக்சிகோக்காரச் சாமியார், நல்ல மனுஷர், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பொய் சொன்னேன் என்றேன். எத்தனை தடவை என்றார். மூன்று என்றேன். மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். மனசு லேசாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து செலினிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, சாமியார்கிட்டயா பொய் சொன்னீங்க? அந்தப் பிள்ளகிட்டதான?"

லேசானது போன இடம் தெரியவில்லை.

செப்டம்பர் 23

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

ரஸ்ஸல் காலையில் குதூகலமாக வந்தான். லொரேட்டா அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஜாடியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை, திருவிழா முடிந்த திங்கட்கிழமை கொண்டுவருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றாளாம். ஏன் என்று அவன் கேட்டிருக்கிறான். வெகுளியாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"லூ, இது உனக்குப் புரியுதா?" என்றான். வாயோரத்தில் புகையிலைச் சாறு. "மூடின கோடு! தான் சாகப் போறது தெரிஞ்சு ஒரு கிழவி வரைஞ்ச கடைசி ஜாடி! எத்தனை வருஷமா இந்த மாதிரி ஒரு கதைக்குக் காத்திருக்கேன்." ஜாடி வருவதற்கு முன்னாலேயே அட்டையில் எழுதிவிட்டான். 'விடைபெறும் ஜாடி.' கீழே அந்த அம்மாவின் பெயர், இறந்த மாதம், டயாலிசிஸ் வரைக்கும் எழுதியிருக்கிறான். கண்ணாடிப் பெட்டியில், வாசலுக்கு நேராக வைக்கப் போகிறானாம்.

அப்போது சொன்னேன். ஒருவழியாகச் சொன்னேன். "ரஸ்ஸல், அந்த இடத்தில் கோட்டைப் போட்டது நான்."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். கோப்பையை எடுத்துத் துப்பிவிட்டு, "யாருக்குத் தெரியும்?" என்றான். "பிரமாதமான வேலை, லூ."

ஏழு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. கக்கூசுக்குப் போய் வாந்தியெடுத்தேன். சும்மா எழுதவில்லை, நிஜமாகவே எடுத்தேன். அவன் மேல் அருவருப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது தெரிந்தது. அவன் அட்டையில் எழுதியிருப்பது மொத்தமும் என் வாயிலிருந்து வந்தது. அவனாவது கோப்பையில் துப்புகிறான்.

செப்டம்பர் 24

லொரேட்டாவுக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. போனில் சொல்லித் தப்பிக்கலாம் என்ற நினைப்புத்தான்.

செப்டம்பர் 26

நாளைக்கு நேரில் போகிறேன். சின்ன பாட்டிலில் வர்ணம் அழிக்கும் அசிட்டோன், பஞ்சு, மெல்லிய குச்சி, அந்தக் குழந்தைப் போர்வை. போர்வையைத் துவைத்து மடித்தது செலின். வேறு பேச்சில்லை, காரில் பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 27

வீடு திறந்திருந்தது. லொரேட்டாவின் தம்பி திறந்து வைத்திருக்கிறான். ஊரே தெருவில் இருந்தது. எங்கோ மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கும்பிடுகிற இடத்துப் பக்கம் நான் போகவில்லை. வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைப் பார்த்து "வா, வா, சாப்பிடு" என்றார். உள்ளே நீள மேசை, பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஜாடி இல்லை.

லொரேட்டா அடுப்படியில் நின்றாள். மெலிந்திருந்தாள். போர்வையைப் பார்த்ததும், "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள்.

"ஜாடி எங்கே?"

பின்னறைக்குக் கூட்டிப்போனாள். அதே துணிக்கூடையில், ஒரு பழைய கம்பளிக்குக் கீழே இருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். ஆங்கிலம் தடுமாறியது. நிறுத்தாமல் சொன்னேன். கோட்டில் இடம் விட்டிருந்தது. நான் மூடினேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் மூடினேன். கேட்டபோது மறைத்தேன். பிறகும் இரண்டு தடவை பொய் சொன்னேன். உங்கள் அம்மா எதையும் முடித்துக்கொள்ளவில்லை.

அவள் நம்பவில்லை. தனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் இப்படிச் சொல்கிறேனா என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஞ்சை நனைத்து அவளிடம் கொடுத்தேன். "உங்கள் அம்மாவின் கோடு நெருப்பில் வெந்தது. எதனாலும் போகாது. என்னுடையது போகும். நீங்களே துடையுங்கள்."

முதலில் இடமும் வலமும் அம்மாவின் கோட்டைத் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அழுத்தித் தேய்த்தாள், அப்போதும் வெள்ளைதான். பிறகு நடுவில் வைத்தாள். பஞ்சு கறுத்தது. நான்கைந்து தடவை துடைத்ததும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை மண் தெரிந்தது. அவள் விரலை அந்த இடத்தில் வைத்தாள், சரியாகப் பொருந்தியது.

அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டுமே நடக்கவில்லை.

"தினமும் காலையில ரொட்டி சுடும்போது அம்மாகிட்டப் பேசுவேன்" என்றாள். "செத்த பிறகும் பேசிட்டுத்தான் இருந்தேன். இந்தப் பதினெட்டு நாளா நான் அவகிட்டப் பேசலை."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "அது வேண்டாம்."

நான் கிளம்பத் திரும்பினேன். வாசல் வரை போய்விட்டேன். பின்னாலிருந்து அவள் குரல்: "உட்காருங்க. இன்னைக்கு இந்த வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாம அனுப்ப முடியாது. நீங்களா இருந்தாலும்."

தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். மிளகாய்க் குழம்பில் ஆட்டுக்கறி, வெந்த சோளம், வட்ட ரொட்டி. என் தட்டில் அவளே போட்டாள், தாராளமாக. பக்கத்தில் இருந்த கிழவர் எந்த ஊர் என்று கேட்டார். கடல் பக்கம் என்றேன். எங்களுக்கு அது கிடையாது என்று சிரித்தார்.

லொரேட்டா உள்ளே போய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேசை நடுவில் தட்டுகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, திறந்திருக்கும் அந்த ஒரு விரல் இடம் என் முகத்துக்கு நேராக வரும்படி திருப்பினாள்.

வாயில் இருந்த கறி உள்ளே போகவில்லை. துப்பவும் முடியாது, இருந்த இடம் அப்படி. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள், நான் தட்டைக் காலி செய்கிற வரைக்கும்.